அம்புக்குறிக் காவல்

ஸ்காபரோ
20.06.2020

அன்புள்ள அக்காவுக்கு,

"உலகமெல்லாம் வீட்டுக்குள்ளை கிடக்க, நீ மட்டும் ஏன்ரா கடைக்குப் போறாய்? அங்கை ஊரடங்கு இல்லையோ?" என்று போன கிழமை கேட்டீர்கள். ரெலிபோன் காசு ஏறுதென்று நீங்களே வைத்தும்விட்டீர்கள். அதுதான் ஆறுதலாக எழுதுகிறேன்.

இருக்கிறது அக்கா. மார்ச் 17ஆம் தேதி ஒன்ராறியோவுக்கே அவசரகாலநிலை போட்டார்கள். ஆனால் ஆமியும் இல்லை, சென்றியும் இல்லை. பள்ளிக்கூடம், கோயில், சலூன் எல்லாவற்றையும் பூட்டினார்கள். சாப்பாட்டுச் சாமான் விற்கிற கடை அத்தியாவசியமாம். பட்டம் எடுத்தவன் கனடாவில் போய் மாப்பெட்டி அடுக்குகிறான் என்று அத்தான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர். அவரிடம் சொல்லுங்கள்: இப்போது நான்தான் அத்தியாவசியம். மார்க்கம் நகரில் வங்கியில் இருக்கிற அவருடைய தம்பி மேலே ரையும் கீழே சாரமுமாக வீட்டு மேசையில் இருக்கிறார்.

முதலில் கக்கூசுக் கடதாசியில்தான் தொடங்கியது. பின்கதவால் பலெட்டை இழுத்து வந்து, சுற்றியிருக்கிற பிளாஸ்டிக்கை வெட்டக் கத்தியைத் தேடுவதற்குள் சனம் நகத்தாலேயே கிழித்துவிடும். ஆளுக்கு ஒரு பை என்று மட்டை தொங்கவிட்டோம். உடனே புருசன் ஒரு வரிசை, பெண்சாதி வேறு வரிசை, ஆளையாள் முன்பின் தெரியாதவர்கள் மாதிரி. சங்கக்கடை வரிசையில் வளர்ந்த எனக்கா இந்தப் பூச்சாண்டி? அதற்குப் பிறகு மா முடிந்தது, ஈஸ்ட் முடிந்தது. பாண் தட்டில் பாண் கிடக்கிறது. இவர்கள் வீட்டில்தான் சுடுவார்களாம். பொருளாதாரத் தடைக்குள் பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்தவனிடம் ஒரு வெள்ளைக்கார அம்மா வந்து, ஈஸ்ட் இல்லாமல் எப்படிச் சீவிக்கிறது என்று கண்கலங்கினா. நானும் தலையாட்டினேன். முகக்கவசத்தால் கொரோனா நிற்குதோ தெரியாது, சிரிப்பு நிற்கிறது.

பிறகு வந்ததுதான் அம்புக்குறி. ஆளுக்காள் இரண்டு மீற்றர் தள்ளி நிற்கவேண்டும். எங்கள் கடையில் தட்டுகளுக்கு இடையே இருக்கிற ஒழுங்கைகளின் மொத்த அகலமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதனால் எல்லா ஒழுங்கையும் ஒருவழிப்பாதை. நிலத்தில் பச்சை அம்புக்குறி, மறுமுனையில் சிவப்பு வட்டம். அதைக் காவல் காக்கிற உத்தியோகத்தை மனேச்சர் எனக்குத் தந்தார், ஏனென்றால் எனக்குச் சாந்தமான முகமாம்.

ஒருவர் வண்டிலை ஒழுங்கை வாசலில் விட்டுவிட்டு எதிர்ப்பக்கமாக உள்ளே நடக்கிறார். அம்புக்குறி வண்டிலுக்குத்தானாம், மனிசனுக்கு இல்லையாம். இன்னொரு கிழவர் அம்புக்குறிப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு பின்பக்கமாக நடந்தே கோப்பித்தூள் வரைக்கும் போய்விட்டார். "நான் பார்க்கிற திசை சரிதானே?" என்று கேட்கிறார். சட்டத்தில் அதற்குப் பதில் இல்லை. இரவில் நிலம் கழுவுகிற மெசின் அம்புக்குறிகளில் பாதியை உரித்துக்கொண்டு போகும். தலை போய் வால் மட்டும் மிஞ்சிய ஒரு குறிக்கு மேலே நின்று இரண்டு பேர் பத்து நிமிசம் வாதாடினார்கள், ஒரு மீற்றர் இடைவெளியில்.

எங்கள் சனம் இன்னும் விண்ணர். தேங்காய்ப்பாலைத் தாண்டி நாலடி போய்விட்ட ஒரு அம்மா திரும்பி என்னைப் பார்த்தா. முறைப்படியென்றால் அவ முனைமட்டும் போய், நாய்ச்சாப்பாட்டு ஒழுங்கையால் இறங்கி, சுற்றி வரவேண்டும்.

"தம்பி தமிழோ?"

"ஓம்."

"அப்ப அந்த ரின்னிலை ரெண்டை எடுத்துத் தாரும். நீர் வேலையாள்தானே, உமக்கு அம்பு இல்லை."

எடுத்துக் கொடுத்தேன். அடுத்தநாள் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வந்தா.

பின்னேரம் ஏழரை மணிக்குச் சனம் பல்கனியில் நின்று எங்களுக்கும் ஆஸ்பத்திரிக்காரருக்குமாகக் கோப்பை தட்டியது. கடை வாசலில் எங்களை வீரர் என்று பெரிய படம். மணித்தியாலத்துக்கு இரண்டு டொலர் கூடுதலும் தந்தார்கள். ஏழரையில் தொடங்கினது சனியில்தானே முடியும்: ஜூன் 13, சனிக்கிழமை, அந்த இரண்டு டொலரை நிறுத்திவிட்டார்கள். பெரிய கடைக்காரர் மூன்று பேரும் ஒரே நாளில் நிறுத்தினார்கள். கொரோனாவுக்கு யாரும் அறிவிக்கவில்லைப்போல, அது நிற்கவில்லை. கணக்கைப் பாருங்கள். வேலை போய் வீட்டிலிருப்பவருக்கு அரசாங்கம் நாலு கிழமைக்கு 2000 டொலர் கொடுக்கிறது. ஆகக்குறைந்த சம்பளம் 14 டொலர். கிழமைக்கு 35 மணித்தியாலம் நின்றால் நாலு கிழமைக்கு 1960. நானாக வேலையை விட்டால் அந்த 2000 கிடையாது. வீரர் படம் இன்னும் வாசலில் தொங்குகிறது.

எங்களோடு காசு மேசையில் நின்ற பிலிப்பினோ அம்மா ஒருத்தி மூன்று கிழமையாக வரவில்லை. மனேச்சரைக் கேட்டால் லீவு என்கிறார். எனக்குத் தெரிந்து அவ லீவு எடுக்கிற ஆள் இல்லை. இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டவேண்டாம். வீட்டுக்கு வந்தவுடன் செத்தவீட்டால் வந்தவன் மாதிரி பின்பக்கத்தால் போய் முழுகிவிட்டுத்தான் உள்ளே போகிறேன். சின்னவள் படிக்கட்டில் சோக்கால் எனக்கு அம்புக்குறி கீறியிருக்கிறாள். அது மேலே போகத்தான் காட்டுகிறது, இறங்குவதற்கு வழி வைக்கவில்லை.

நல்லூர்க் கொடியேற்றத்துக்கு எடுத்த ரிக்கெற்றுக்கு விமானக்காரர் காசு தரமாட்டார்களாம், ஒரு கடதாசி தருவார்களாம். இந்த வருசம் கடதாசிக்குத்தான் மதிப்பு. கறுத்தக்கொழும்பான் பழுத்துக் கொட்டுகிற நேரம், நான் மெக்சிக்கோ மாங்காயைப் பிரமிட் மாதிரி அடுக்கிக்கொண்டு நிற்கிறேன். அதை முகர்ந்து பார்த்தால் பெட்டி மணக்கும். உங்கள் பேரப்பிள்ளை மாம்பழத்தோடு படம் அனுப்பினதைப் பார்த்து மனிசி ஒரு நாள் என்னோடு கதைக்கவில்லை. அதற்கு நான் என்ன செய்ய?

இறக்குமதியை மறித்ததால் அங்கே மஞ்சள் விலை ஏறிவிட்டது என்று சொன்னீர்கள். இங்கே மஞ்சள் குவிந்து கிடக்கிறது, ஆளுக்கு ஒரு பை என்ற கட்டுப்பாடும் இல்லை. இரண்டு கிலோ வாங்கி, சின்னவளின் பழைய உடுப்புகளுக்குள் சுற்றி அனுப்பவோ? தாண்டிக்குளம் சென்றியால் பற்றரி கடத்தினவர் உங்கள் புருசன், அவருக்கு முறை தெரியும். ஆனால் பெட்டி வந்ததும் தபால் கந்தோரில் நின்று "மஞ்சள் வந்திட்டுதோ?" என்று சத்தம்போட்டுக் கேட்கவேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

அன்புத் தம்பி