ஒரு விஷயத்துக்கு ஒரு கட்டு

1991-ல் கலெக்டர் ஆபீஸில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தபோது எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது, வந்த தபால் எந்தக் கட்டில் சேரும் என்று கண்டுபிடிப்பதைத்தான். வரைவு எழுதுவதெல்லாம் அதற்குப் பிறகு. காலையில் தபால் பிரித்து, தேதி முத்திரை குத்தி, பிரிவின் எழுத்தைப் போட்டு மேசைக்கு அனுப்புவார்கள். புது விஷயமா, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் விஷயமா என்று பார்க்க வேண்டும். புதிது என்றால் தன்பதிவேட்டில் பதிந்து, அந்த விஷயத்துக்கென்று ஒரு ந.க. எண் கொடுக்க வேண்டும். பழையது என்றால் அந்த எண்ணுக்குரிய கட்டை எடுத்து, தாளின் மூலையில் துளை போட்டு, டேக்கில் கோத்து, பக்க எண் எழுத வேண்டும்.

ஒவ்வொரு கட்டிலும் இரண்டு பாகம். வந்த கடிதமும் போன கடிதமும் நடப்புக் கோப்பில் இருக்கும். அவற்றைப் பற்றி நாங்கள் எழுதியது, அதிகாரிகள் கேட்டது, கடைசியில் உத்தரவானது எல்லாம் குறிப்புக் கோப்பில், பத்திக்குப் பத்தி எண் போட்டு. வெளியே போகும் கடிதத்தின் தலையில் ‘பொருள்’ என்று ஒரு வரி, ‘பார்வை’ என்று முந்தைய கடிதங்களின் எண்ணும் தேதியும். ஒரு கடிதத்தில் ஒரே பொருள்தான் இருக்கலாம். இரண்டைச் சேர்த்து எழுதினால் சூப்பிரண்ட் அம்மா தாளைத் திருப்பித் தள்ளிவிடுவார். இந்த ஏற்பாடு முழுவதற்கும் டாட்டன்ஹாம் முறை என்று பெயர். சென்னை மாகாண காலத்து அதிகாரி ஒருவரின் பெயரால் வழங்குவது.

அந்த அம்மா என்னிடம் ஒருநாள் சொன்னார்: “தம்பி, நாளைக்கே உனக்கு வேற சீட்டு போட்டுடுவாங்க. அடுத்து வர்றவன் விவரம் கேட்க உன் வீட்டுக்கா வருவான்? எல்லாம் இந்தக் கட்டுலயே இருக்கணும்.”

அது எவ்வளவு உண்மை என்று ஒரு வாய்க்கால் ஆக்கிரமிப்புக் கட்டில் பார்த்தேன். மனு, தாசில்தார் அறிக்கை, சர்வேயரின் புல வரைபடம், எதிர்த் தரப்பின் ஆட்சேபணை, நினைவூட்டுக் கடிதங்கள் என்று கட்டு தடித்துக்கொண்டே போனது. இடையில் விசாரித்த அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்தவர் யாரையும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. குறிப்புக் கோப்பை முதல் பத்தியிலிருந்து படித்தார். வரைபடம் இருந்த பக்கத்தில் சீட்டு வைத்திருந்தோம். அதைப் பிரித்து வைத்துக்கொண்டு ஆட்சேபணையைப் படித்தார். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கீழே உத்தரவு எழுதிவிட்டார். மனு கொடுத்த விவசாயியும் அந்த அதிகாரியும் ஒருவரை ஒருவர் அதுவரை பார்த்ததே இல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்கு வந்து சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்றில் சேர்ந்தேன். தாள் ஒழிந்தது, மின்னஞ்சல் வந்தது. ஆனால் 1982-ல் வெளியான ஆர்.எஃப்.சி. 822 என்ற மின்னஞ்சல் தரநிலையிலேயே, இந்த அஞ்சல் எந்த அஞ்சலுக்குப் பதில் என்று குறிக்கத் தனி வரி வைத்திருந்தார்கள். நாங்கள் ‘பார்வை’ என்று கையால் எழுதியதை இங்கே மென்பொருளே எழுதிக்கொண்டது. 2004-ல் ஜிமெயில் வந்தபோது ஒரு விஷயத்தின் அஞ்சல்கள் எல்லாம் ஒரே கட்டாகத் திரையில் அடுக்கி நின்றன. பழைய அஞ்சலைத் திறந்து அதிலேயே சம்பந்தமில்லாத புது விஷயத்தை எழுதுகிறவர்கள் அப்போதும் உண்டு. இருந்தாலும் தேடினால் கிடைக்கும்.

பிறகு எல்லோரும் சாட்டுக்கு மாறினோம். அலுவலக வேலைக்கு இது புதிதும் இல்லை. ஐ.ஆர்.சி. என்ற அரட்டை முறை 1988-ல் பின்லாந்தில் பிறந்தது. நிரல் எழுதுகிறவர்கள் வெகுகாலமாக அதில் பேசிக்கொண்டிருந்தவர்கள். 2014-ல் ஸ்லாக் என்ற சாட் செயலி வந்த பிறகு மற்ற ஆபீஸ்களும் பரவலாகச் சேனல் சேனலாகப் பேச ஆரம்பித்தன. வேகம் நிஜமாகவே நன்றாக இருந்தது. “அன்புடையீர்” கிடையாது, நகல் யாருக்கு என்ற கவலை கிடையாது. கேட்டால் அடுத்த நிமிடம் பதில். ஆனால் சேனலில் எல்லாம் வந்த வரிசையில்தான் விழும். அரிசியும் பருப்பும் ஒரே சாக்கில் கொட்டிய மாதிரி. கேள்வி எது, அதற்குப் பதில் எது என்று படிப்பவர்தான் பொறுக்க வேண்டும்.

அப்போது நான் வேலை பார்த்த கம்பெனியில் ஓர் இரவு. பணப் பட்டுவாடா பேட்ச் நிரல் ஓடும் நேரம். சேனலில் அடுத்தடுத்து மூன்று வரி:

“பேட்ச் நின்னுடுச்சு, ரீஸ்டார்ட் பண்ணலாமா?”

“டிஸ்க் ஃபுல் ஆகுது. பழைய லாக் எல்லாம் அழிச்சிடலாமா?”

“சனிக்கிழமை ஷிஃப்ட் நான் மாத்திக்கலாமா சார்?”

கொஞ்ச நேரம் கழித்து மேனேஜரிடமிருந்து: “சரி, பண்ணிடுங்க.”

அவர் சம்மதித்தது ஷிஃப்ட் மாற்றத்துக்கு. லாக்கைப் பற்றிக் கேட்ட பையன் தனக்கு வந்த பதில் என்று எடுத்துக்கொண்டான். அழித்துவிட்டான். பேட்ச் ஏன் நின்றது என்று மறுநாள் பார்க்க உட்கார்ந்தபோது பார்க்க வேண்டிய லாக் எதுவுமே இல்லை. பையனைத்தான் குறை சொன்னார்கள். எனக்கு இன்றும் அதில் வருத்தம் உண்டு, அந்த வரிசையைப் படித்த எவனும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பான். மூன்று பொருளை ஒரே தாளில் எழுத விட்டுவிட்டு, படித்தவன் மேல் பழி போடுவது நியாயம் இல்லை.

2017 ஜனவரியில் ஸ்லாக்கில் த்ரெட் வந்தது. எந்தச் செய்தியின் கீழும் பதில்களைத் தனியாக அடுக்கலாம்; அவை சேனலின் ஓட்டத்தில் கலக்காது. அதே ஆண்டு மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தபோது, சேனலில் ஒவ்வொரு செய்தியின் கீழும் பதில்கள் சேரும் அமைப்பு அதில் முதலிலிருந்தே இருந்தது. ஆனால் இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஜூலிப் என்ற சாட் மென்பொருள்தான். 2012-ல் தொடங்கியது; 2014-ல் டிராப்பாக்ஸ் வாங்கி, அடுத்த ஆண்டு திறந்த மூலமாக விட்டது. அதில் சேனலில் எழுதும்போதே தலைப்பும் சேர்ந்து வரும். மறுநாள் காலையில் வருகிறவர் தலைப்புகளை மட்டும் பார்த்துவிட்டு, தனக்கு வேண்டியதை முழுதாகப் படிக்கலாம். கலெக்டர் ஆபீஸில் இருந்தவனுக்கு அது பிறந்த வீட்டுப் பழக்கம்.

ஸ்லாக்கில் தலைப்பு இல்லை. முதல் செய்திதான் தலைப்பு. அதனால் முதல் செய்தியை எப்படி எழுதுகிறோம் என்பதில் எல்லாம் இருக்கிறது. “ஒரு சந்தேகம்” என்று ஆரம்பிக்கும் த்ரெட்டை ஆறு மாதம் கழித்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. “பட்டுவாடா பேட்ச் இரவு 2 மணிக்கு நிற்கிறது, டிஸ்க் காரணமா?” என்று ஆரம்பித்தால் முடியும். என் டீமில் சேருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். சிலர் முகம் சுளிப்பார்கள், சாட்டில் போய் இவ்வளவு இலக்கணமா என்று. ஒருமுறை இரவு ஷிஃப்ட் பார்த்துவிட்டால் சுளிப்பு நின்றுவிடும்.

த்ரெட்டின் உள்ளே நடந்தது வெளியே தெரியாமல் போவது இன்னொரு சிக்கல். இரண்டு பேர் உள்ளே நாற்பது வரி பேசி முடிவுக்கு வந்துவிடுவார்கள். சேனலில் இருக்கும் மற்றவர்களுக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. அதற்காகத்தான் பதிலைச் சேனலுக்கும் சேர்த்து அனுப்பும் கட்டம் ஒன்று பதில் பெட்டியின் அடியில் இருக்கிறது. முடிவு எடுத்ததும் அதை ஒரே வரியில் எழுதி, அந்தக் கட்டத்தைத் தொட்டு அனுப்ப வேண்டும். பேச்சு முழுவதையும் அனுப்பக் கூடாது. குறிப்பெல்லாம் குறிப்புக் கோப்பிலேயே இருக்கும், உத்தரவு மட்டும்தான் வெளியே போகும். அதே கணக்குதான். இன்னொன்று, ஸ்லாக்கில் த்ரெட்டுக்குள் த்ரெட் போட முடியாது. பேச்சு கிளை பிரிந்தால் புதுச் செய்தியாகத் தொடங்கி, பழைய த்ரெட்டின் லிங்க்கை மேலே போட்டுவிடுவோம். அதுதான் எங்கள் ‘பார்வை’.

கட்டை முடிக்கும் நேரமும் ஞாபகம் வருகிறது. விஷயம் தீர்ந்ததும் அதை எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும் என்று வகை போட்டுத்தான் ரெக்கார்டு ரூமுக்கு அனுப்புவோம். நிரந்தரம், பத்தாண்டு, மூன்றாண்டு, ஓராண்டு. நில விவகாரத்தை ஓராண்டு வகையில் போட்டுவிட்டால் பின்னால் ஒரு குடும்பமே நிற்க இடமில்லாமல் போகலாம் என்று தெரிந்துதான் முடிவெடுப்போம். இன்று ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில், 2022 செப்டம்பர் முதல், கடைசி 90 நாள் செய்திகளைத்தான் பார்க்க முடியும். விஷயம் சின்னதா பெரிதா என்று யாரும் பார்ப்பதில்லை; எல்லாவற்றுக்கும் ஒரே கெடு. சிறிய கம்பெனிகளும் தொண்டு நிறுவனங்களும் இதில்தான் வேலை செய்கின்றன. முக்கியமான த்ரெட்டின் முடிவையாவது வேறோர் இடத்தில் எழுதி வையுங்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவருகிறேன்.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது என்னோடு அந்தக் காலத்தில் பக்கத்து சீட்டில் இருந்தவனைப் பார்த்தேன். இன்னும் சர்வீஸில்தான் இருக்கிறான். அவன் ஃபோனை என் கையில் கொடுத்துவிட்டு, “நீயே பாருடா” என்றான். வாட்ஸ்அப் குரூப். காலை வணக்கப் படங்கள், பூங்கொத்துகள். நடுவில் மேலிடத்திலிருந்து “வெள்ள நிவாரணப் பட்டியல் 11 மணிக்குள் வேண்டும்.” கீழே “நோட்டட் சார்”, “ஓகே சார்”, “நோட்டட் சார்” என்று விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. அதற்கு நடுவே ஒரு கிராம நிர்வாக அலுவலர் அனுப்பிய மனு ஒன்றின் ஃபோட்டோ. ஒரு மூதாட்டியின் ஓய்வூதிய மனு. அதன் கீழேயும் “நோட்டட் சார்”. அது பட்டியலுக்கா, மனுவுக்கா?

“ஃபைல் எல்லாம் இப்ப இ-ஆபீஸ்லதான்டா. குறிப்பு, நடப்பு எல்லாம் அப்படியேதான் இருக்கு. யார்கிட்ட எத்தனை நாளா கிடக்குதுன்னுகூடத் தெரியும்” என்றான். “ஆனா அவசரம்னு வர்றதெல்லாம் இதுல வருது. ஃபோட்டோவுக்கு யார் நம்பர் போடுறது? குரூப்ல வந்ததை ஃபைல்ல ஏத்த மறந்துட்டா, அது வரவே இல்லைன்னுதான் அர்த்தம்.”

விஷயங்களைக் கட்டு கட்டாகப் பிரித்து வைத்த ஆபீஸ் அது. அங்கே இப்போது விஷயங்கள் கலந்து ஓடுகின்றன. அப்படி ஒரு முறை இருப்பதே தெரியாமல் ஆரம்பித்த சாஃப்ட்வேர்க்காரர்கள், த்ரெட்டில் பேசாதவனைக் கண்டிக்கும் அளவுக்கு வந்திருக்கிறார்கள். இதில் எனக்குச் சந்தோஷமும் இருக்கிறது, மனசு கேட்காத ஒன்றும் இருக்கிறது. எங்கள் பக்கம் தவறினால் ஒரு பேட்ச் நிற்கும். அவர்கள் பக்கம் தவறினால் ஒரு கிழவிக்கு மாதாமாதம் வர வேண்டிய பணம் நிற்கும். அந்த மனுவை நண்பன் அன்று ராத்திரியே கணினியில் ஏற்றச் சொல்லிவிட்டான். வாட்ஸ்அப்பில் குறிப்பிட்ட செய்தியை மேற்கோள் காட்டிப் பதில் சொல்லும் வசதி 2016-லிருந்தே இருக்கிறது. குரூப்பில் எல்லோரையும் அப்படித்தான் பதில் சொல்ல வைக்கப் போகிறேன் என்றான். வெறும் “நோட்டட் சார்” போடாமல், எந்த ஊர், எந்த மனு என்று சேர்த்து எழுதச் சொல்லப் போகிறானாம். கொஞ்சம் பேராவது கேட்பார்கள்.

இந்த ஆண்டு எங்கள் டீமில் ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். திருநெல்வேலிப் பக்கம், கல்லூரி முடித்து முதல் வேலை. வந்த வாரத்திலேயே கேட்டாள்: “சார், இந்த பேட்ச் ஏன் அரைமணி நேரம் காத்திருந்துட்டு மறுபடி முயற்சி பண்ணுது? அஞ்சு நிமிஷம் போதாதா?” அந்த முடிவை எடுத்தவர்களில் இருவர் கம்பெனியிலேயே இப்போது இல்லை. 2019-ல் நடந்த அந்த த்ரெட்டின் லிங்க்கை அனுப்பினேன். முதலிலிருந்து கடைசி வரை படித்தாள். வங்கியின் சர்வர் இரவில் பராமரிப்புக்காக அரைமணி நேரம் நிற்கும் என்று உள்ளே ஒருவர் எழுதியிருந்ததை எடுத்து, “இந்தப் பராமரிப்பு இப்பவும் நடக்குதா?” என்று அந்த த்ரெட்டிலேயே கீழே கேட்டாள். வங்கியைக் கேட்டோம். அதை நிறுத்தி வெகுநாள் ஆகிவிட்டது என்றார்கள். ஐந்து நிமிடமாக மாற்றி, என்ன மாற்றினோம், ஏன் என்று அவளே ஒரு வரி எழுதி, சேனலுக்கும் சேர்த்து அனுப்பினாள்.