பின் சீட்டில் ஒரு நாலடியார்

கார் கம்பெனிக்காரர்களுக்கு நகைச்சுவை உணர்வு உண்டு. நம்பாதவர்கள் டிக்கியைத் திறந்து, ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் படுத்திருக்கும் வீல் பானாவைப் பார்க்கலாம். வண்டியில் டச் ஸ்கிரீன் வைப்பார்கள், கதவைத் திறந்தால் காலடியில் விளக்குப் போடுவார்கள். பானா மட்டும் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட.

கணக்குப்படி அது போதும்தான். சின்னக் கார்களின் வீல் நட்டைச் சுமார் 100 நியூட்டன் மீட்டர் முறுக்கினால் போதும் என்பார்கள். 25 செ.மீ. பானாவின் நுனியில் 40 கிலோ அழுத்தம் கொடுத்தால் அது வந்துவிடும். ஆனால் பானாவை வடிவமைத்தவர் நம்மூர் பஞ்சர் கடைப் பக்கம் வந்ததில்லை. அங்கே காற்று கன்னைப் பிடித்திருக்கும் தம்பி "டர்ர்ர்" என்று ஒருமுறை விடுவார். நட்டு நின்றுவிடும். அவருக்கு மனசு கேட்காது, இன்னொரு "டர்ர்ர்". 250, 300 என்று ஏறிவிடும். அதன்மேல் சில மழைக்காலமும் பெசன்ட் நகர் உப்புக்காற்றும் சேர்ந்தால், நட்டும் போல்ட்டும் ஈருடல் ஓருயிர்.

எங்கள் வண்டியின் நட்டும் அப்படித்தான் கழல மறுத்தது. என் மச்சான் 92 கிலோ. குடும்பத்தில் அந்த எடைக்கு ஒரு பயன் கிடைக்கும் என்று ரொம்ப நாளாக எதிர்பார்த்திருந்தோம். "தள்ளுங்க மாமா" என்று செருப்பைக் கழற்றிவிட்டுப் பானாமேல் ஏறி நின்றார். 25 செ.மீ. நீளத்தில் 92 கிலோ என்றால் ஏறக்குறைய 225 நியூட்டன் மீட்டர். நட்டு அசையவில்லை. பானாதான் நழுவியது, மச்சான் அப்படியே பூச்செடிக்குள் இறங்கினார்.

இதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. வாட்ச்மேன் மண்ணெண்ணெய் ஊற்றச் சொன்னார். மாடிவீட்டுப் பெரியவர் சுத்தியலால் தட்டச் சொன்னார். மூன்றாமவர் எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, "எந்தப் பக்கம் சார் திருப்புறீங்க?" என்றார். இந்தக் கேள்வி எல்லாக் கூட்டத்திலும் ஒருவரிடம் தயாராக இருக்கும்.

மறுநாள் பிராட்வேக்குப் போனேன். டூல்ஸ் கடைகளில் ஒரு வசதி, நம் கஷ்டத்தை முழுக்கச் சொல்ல வேண்டியதில்லை. "வீல் நட்டு" என்றதுமே கடைக்காரர் பிளஸ் பானாவை எடுத்து வைத்தார். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் தள்ளி இழுக்கலாம், நட்டைவிட்டு அவ்வளவு சுலபத்தில் நழுவாது. கழன்ற நட்டை விறுவிறுவென்று சுழற்றி எடுக்க அதற்கு இணை கிடையாது. ஆனால் அதன் நாலு வாயில் ஒன்றுதான் நம் வண்டிக்குச் சேரும். மீதி மூன்றும் அடுத்தவன் வண்டிக்கு நாம் செய்யும் தர்மம். தவிர, இறுகிப்போன நட்டுக்கு அதன் கை நீளம் பத்தாது.

அடுத்து பேட்டரி கன். பெட்டிமேல் பெரிய எழுத்தில் ஓர் எண் போட்டிருந்தது. அதை நம்பினால் ரயில் சக்கரத்தையே கழற்றலாம். விலையைக் கேட்டேன். அந்தப் பணத்துக்குப் பல வருஷம் பஞ்சர் ஒட்டலாம். தவிர, நமக்குத் தேவைப்படும் நாளில் அதில் சார்ஜ் இருக்காது என்பது இயற்கை விதி. டார்க் ரெஞ்சும் காட்டினார். அளவு வந்ததும் "கிளிக்" என்று சொல்லும் நல்ல கருவி, ஆனால் முறுக்குவதற்கு மட்டும். அதைப் போட்டு நட்டைக் கழற்றினால் அதன் அளவு கெட்டு, பிறகு பொய்க் கிளிக் சொல்ல ஆரம்பிக்கும்.

நான் பார்த்தவரை சாக்கெட்டில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். பன்னிரண்டு மூலை சாக்கெட் சட்டென்று மாட்டும், ஆனால் நட்டின் முனையை மட்டுமே பிடிக்கும். பலம் கொடுத்தால் முனை மழுங்கி நட்டு உருண்டை ஆகிவிடும். ஆறுமூலை சாக்கெட் நட்டின் பக்கங்களை அணைத்துப் பிடிக்கும். அதை வாங்கினேன், கூடவே அதில் மாட்டித் திருப்ப இரண்டடி நீளக் கம்பி ஒன்றும்.

அந்தக் கம்பியில் செருக நாலடி ஜி.ஐ. பைப் ஒன்றை பிளம்பர் கொடுத்தார். செருகி மாட்டினால் மொத்த நீளம் ஒரு மீட்டருக்கு மேல். 30 கிலோ அழுத்தினாலே 300 நியூட்டன் மீட்டர். பத்தாம் வகுப்பு அறிவியலில் திருப்புத்திறன் என்று எழுதி மார்க் வாங்கியதெல்லாம் இதுதான். சக்கரம் தரையில் இருக்கும்போதே, ஜாக்கி போடுவதற்கு முன்னால், பைப்பின் நுனியை என் மனைவி அழுத்தினாள். "டக்" என்று ஒரு சத்தம். பூச்செடியின் பக்கம் நின்றிருந்த மச்சான், "நான் நேத்தே லூஸ் பண்ணி வெச்சேன்க்கா" என்றார்.

வீட்டில் அந்தப் பைப்புக்கு நாலடியார் என்று பெயர். டிக்கியில் அடங்காததால் பின் சீட்டில் குறுக்கே பயணம் செய்கிறது. மாமியார் அதை மடியில் வைத்துக்கொண்டுதான் காஞ்சிபுரம் வரை வந்தார்.

பிறகு அந்த டார்க் ரெஞ்சையும் வாங்கிக்கொண்டு பஞ்சர் கடைக்குப் போனேன். கன் வேண்டாம் தம்பி, நானே முறுக்குகிறேன் என்று ஒவ்வொரு நட்டாக, எதிரெதிராக, கிளிக் கேட்கும்வரை முறுக்கினேன். தம்பி என்னை இரக்கத்தோடு பார்த்தார். காசு எடுக்க முன்கதவைத் திறந்தேன். பின்னால் "டர்ர்ர்" என்று கேட்டது.

"சேஃப்டிக்குண்ணே" என்றார்.