குரூப் போட்டோவில் நின்றவர்கள் சார்பில் ஒரு விண்ணப்பம்

பெறுநர்: பதிப்புரிமை அலுவலகம், துவாரகா, புதுதில்லி.

பொருள்: மூடிய ஆலைகளின் பழைய ஒளிப்படங்களை இணையத்தில் ஏற்றுவோரின் அறியாமை – போக்கியருள வேண்டுதல் – தொடர்பாக.

மாண்பமை அலுவலகத்தின் மேலான கவனத்திற்குப் பணிவுடன் சமர்ப்பிக்கப்படுவது யாதெனில், மூடப்பட்ட ஆலைகளிலும் கைமாறிய கம்பெனிகளிலும் சுவரில் தொங்கிய குரூப் போட்டோக்கள், கட்டடம் இடிபடும் நாளில் மேசை நாற்காலிகளோடு எடைக்குப் போய், காயலான் கடையிலோ காரைக்குடிப் பழம்பொருள் கடையிலோ கண்ணாடி உடைந்து கிடக்க, மூன்றாம் வரிசையில் நிற்கும் ஒருவரின் பேத்தி அதைப் பேரம் பேசி வாங்கி, ஸ்கேன் செய்து, தாத்தாவின் தலைக்கு மேல் ஓர் அம்புக்குறியும் போட்டு இணையத்தில் ஏற்றிவிடுகிறார் என்பதாகும். காசு கொடுத்து வாங்கியதால் படம் தமக்கே சொந்தம் என்று அவர் எண்ணுவது அறியாமையன்றி வேறில்லை. சட்டத்தின் பார்வையில் கையிலிருக்கும் பிரதி ஒரு பண்டம். அதை நகலெடுக்கவும் பொதுமக்களுக்குக் கொண்டுசெல்லவும் உள்ள உரிமையாகிய பதிப்புரிமை வேறொரு சொத்து. மாட்டை விற்றவர் கயிற்றைத் தம்மிடமே வைத்துக்கொள்வது சந்தை வழக்கம்தான் என்றாலும், சந்தையில் கயிறு யார் கையில் இருக்கிறது என்பதாவது கண்ணுக்குத் தெரியும்.

கயிற்றைப் பிடித்திருப்பவர் யார் என்ற கேள்விக்கு ஆங்கிலேயர் காலச் சட்டம் முரட்டுத்தனமாக, ஆனால் எளிமையாக விடை சொன்னது. 1914இல் சில மாற்றங்களுடன் இந்தியாவில் நடைமுறைக்கு வந்த, 1911ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் பதிப்புரிமைச் சட்டம், நெகட்டிவ், அதாவது ஒளியும் நிழலும் இடம் மாறிப் பதிந்த மூலத் தகடோ பிலிமோ, உருவானபோது யாருக்குச் சொந்தமாக இருந்ததோ அவரே படத்தின் ஆசிரியர் என்றும், அது உருவானதிலிருந்து 50 ஆண்டுகள் உரிமை நிலைக்கும் என்றும் வகுத்தது. அட்டையின் அடியில் 1938 என்று எழுதியிருந்தால் விரல்விட்டு எண்ணிவிடலாம். இத்தனை எளிமை சுதந்திர நாட்டுக்கு அழகல்ல என்பதால் போலும், 1958 ஜனவரி 21 அன்று நடைமுறைக்கு வந்த 1957ஆம் ஆண்டுச் சட்டம் படம் எடுத்தவரையே ஆசிரியராக்கி, உரிமைக் காலத்தைப் படம் வெளியானதிலிருந்து 50 ஆண்டுகள் என மாற்றி, பின்னர் அதை 60 ஆக உயர்த்தி, 2012இல் ஒளிப்படங்களுக்கென்றே இருந்த 25ஆம் பிரிவை அடியோடு நீக்கி, ஆசிரியரின் ஆயுளும் அவர் இறந்தபின் 60 ஆண்டுகளும் என்ற பொதுவிதிக்குள் அவற்றைச் சேர்த்தது. ஒளிப்படக் கலைஞர் ஓவியருக்கு நிகராக மதிக்கப்பட்டது நியாயமே. ஆனால் ஆலையின் ஆண்டுவிழாவுக்குக் கேமராவும் முக்காலியும் சுமந்து வந்து, அனைவரையும் அசையாமல் நிற்கச் சொல்லிவிட்டுப் போன அந்தக் கலைஞரின் பெயர் அட்டையில் இல்லை. ஸ்டூடியோவின் பெயர் மட்டுமே இருக்கிறது. ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை இருக்கிறது.

இவ்வளவோடு நின்றிருந்தால் பேத்தி எப்படியேனும் கணக்குப் போட்டுவிடுவார். சட்டத்தின் நுட்பம், ஆசிரியரையும் உரிமையாளரையும் வெவ்வேறு ஆட்களாக்கியதில் இருக்கிறது. மாறான ஒப்பந்தம் ஏதும் இல்லையேல், ஒருவர் கேட்டுக்கொண்டு பணமும் கொடுத்து எடுக்கச் செய்த ஒளிப்படத்தின் முதல் உரிமையாளர் அவ்வாறு எடுக்கச் செய்தவரே என்கிறது 17ஆம் பிரிவு. ஆகவே படம் கம்பெனியுடையது. கடிகாரமோ கலைஞருடைய ஆயுளைப் பார்த்து ஓடுவது. 1963இல் வெளியான ஒரு படத்தை எடுத்தவர் 1990இல் காலமானார் என்று வைத்துக்கொண்டால், கம்பெனியின் உரிமை 2050ஆம் ஆண்டின் இறுதிவரை நீடிக்கும். கம்பெனியே அதுவரை நீடிக்குமா என்பது சட்டத்தின் கவலையன்று. சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918இல் உருவாகக் களமாக இருந்த பெரம்பூரின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் 1996இல் மூடப்பட்டன. அத்தகைய ஆலை ஒன்று மூடப்படும்போது தறிக்கும் பாய்லருக்கும் பட்டியல் போடுவார்கள்; சுவரில் தொங்கிய படத்தின் பதிப்புரிமை அந்தப் பட்டியலில் ஏறுவது அரிது. ஏறாவிட்டாலும் உரிமை அழிவதில்லை. ஆலமரத்து முனிபோல அது இடத்தை விட்டுப் போகாமல் யாரேனும் படத்தைத் தொடும்வரை காத்திருக்கும்.

ஆசிரியர் பெயரின்றி வெளியான படைப்புக்கு 23ஆம் பிரிவு இரக்கம் காட்டி, வெளியீட்டிலிருந்து 60 ஆண்டுகள் போதும் என்கிறது. அந்த இரக்கம் ஒளிப்படத்துக்கும் உண்டு என்றே வைத்துக்கொண்டாலும், முதலில் வெளியீடு நடந்திருக்க வேண்டும். வெளியீடு என்பது படைப்பைப் பிரதிகளாகவோ பிற வழியிலோ பொதுமக்களுக்குக் கிடைக்கச் செய்தல். கேன்டீன் சுவரில் ஆணியடித்து மாட்டியதை அவ்வாறு கொள்வது கடினம். ஆகவே கடிகாரம் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. பேத்தி இணையத்தில் ஏற்றியதுதான் முதல் வெளியீடு என்று ஆறுதல் அடையவும் வழியில்லை. உரிமையாளரின் அனுமதியின்றி நடந்த வெளியீட்டை, உரிமை மீறல் பற்றிய விஷயத்தில் தவிர, வெளியீடாகக் கருதலாகாது என்று 4ஆம் பிரிவு முன்கூட்டியே கதவைச் சாத்தியிருக்கிறது. அதாவது அவரைக் குற்றவாளியாக்கும் அளவுக்கு அது வெளியீடு. கடிகாரத்தை ஓட்டும் அளவுக்கு அது வெளியீடன்று. இதைத் தீட்டியவர்களின் கூர்மையை எண்ணி விண்ணப்பதாரர்கள் வியந்து நிற்கிறார்கள். தெரிந்தே உரிமையை மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டுவரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய்வரை அபராதமும் உண்டு. ஆதாயம் கருதாத செயலுக்குத் தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இருப்பதை மறைப்பது நேர்மையாகாது.

நேர்வழியில் அனுமதி பெற விரும்புவோருக்கு 31அ பிரிவு இருக்கிறது. ஆசிரியர் இறந்துபோனாலோ, யாரென்று தெரியாவிட்டாலோ, உரிமையாளரைக் கண்டறிய முடியாவிட்டாலோ, கட்டாய உரிமம், அதாவது உரிமையாளரின் இசைவுக்குப் பதிலாக அதிகார அமைப்பு வழங்கும் உரிமம், கேட்கலாம். அதற்குமுன் நாட்டின் பெரும்பகுதியில் விற்பனையாகும் ஆங்கில நாளிதழ் ஒன்றில் விளம்பரம் செய்ய வேண்டும். பெரம்பூர் ஸ்டூடியோக்காரரின் வாரிசு காலைக் காப்பியோடு ஆங்கில நாளிதழின் விளம்பரப் பக்கத்தைத்தான் புரட்டுவார் என்பது சட்டத்தின் உறுதியான நம்பிக்கை. விண்ணப்பத்தைக் கேட்டுவந்த மேல்முறையீட்டு வாரியம் 2021இல் கலைக்கப்பட்டுவிட்டதால், பேத்தி இப்போது நீதிமன்றப் படியேற வேண்டும். படத்துக்கு அவர் காயலான் கடையில் கொடுத்த விலை ஆட்டோ கட்டணத்துக்குக்கூடக் காணாது.

எனினும் 17ஆம் பிரிவைத் திரும்பத் திரும்பப் படித்ததில் விண்ணப்பதாரர்களுக்கு ஒரு விபரீத எண்ணம் தோன்றியிருக்கிறது. ஆண்டுவிழாப் படத்துக்குக் கம்பெனி பணம் கொடுத்திருக்கலாம். ஆனால் போர்மேன் ஓய்வுபெறும் நாளில் எடுக்கும் பிரிவு உபசாரப் படத்துக்கு, மாலை, ரோஸ்மில்க், வெள்ளிக் குங்குமச்சிமிழ் ஆகியவற்றோடு சேர்த்துத் தலைக்கு இவ்வளவு என்று தொழிலாளர்களே வசூல் செய்வது பல ஆலைகளில் வழக்கம். கேட்டுக்கொண்டு பணமும் கொடுத்தவர் உரிமையாளர் என்றால், மேலாளரை நடுவில் உட்காரவைத்து எடுத்த அப்படத்தின் உரிமையாளர்கள் பின்வரிசையில் நின்றவர்களே ஆவர். பெயரும் தொகையும் பென்சிலால் எழுதப்பட்ட வசூல் நோட்டே அதன் மூலப்பத்திரம் ஆகும். நூறு பேரின் வாரிசுகள் கூடிக் கையெழுத்திட்டால்தான் படத்தை ஏற்ற முடியும் என்ற இடர் இதில் இருக்கிறது; ஆனால் அவர்களைக் கூட்டுவது ஆங்கில நாளிதழைவிட எளிது.

ஆகவே, வசூல் நோட்டுகளை உரிமை ஆவணமாக ஏற்கலாமா என்பதையும், வராதிருந்தும் பணம் கொடுத்தவருக்கும் பணம் கொடுக்காமல் முன்வரிசையில் அமர்ந்தவருக்கும் பங்கு எவ்வாறு பிரியும் என்பதையும், பணம் தருவதாகச் சொல்லிக் கடைசிவரை தராதவரின் பெயரை என்ன செய்வது என்பதையும் தெளிவுபடுத்தி அருளுமாறு அலுவலகம் பணிவுடன் வேண்டப்படுகிறது.

இணைப்பு: மேற்படி ஒளிப்படத்தின் பின்பக்க நகல் ஒன்று. முன்பக்கத்தை நகலெடுப்பது உரிமை மீறலாகக்கூடும் என்பதால் அது இணைக்கப்படவில்லை. பின்பக்கத்தில் 'நிற்பவர்கள், இடமிருந்து வலம்' என்று தொடங்கி 43 பெயர்கள் ஊதா மையில் எழுதப்பட்டுள்ளன. எழுதியவர் யாரென்று தெரியவில்லை.