மாதுங்கா மாடிப்படி

நான் வளர்ந்தது பம்பாய் மாதுங்காவில். 1896இல் பிளேக் வந்து ஊரே கலங்கிய பிறகு, 1898இல் அமைந்த இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் மனை பிரித்துக் கொடுத்த பேட்டை. எங்கள் கட்டடம் முப்பதுகளின் கடைசியில் எழும்பியது. வளைந்த பால்கனி, ஜன்னலுக்குமேல் புருவம்போல் நீண்ட சன்ஷேட், மே மாதத்திலும் முதுகுக்குக் குளிர்ந்த மொசைக் தரை. மாடிப்படிக் கிராதியில் உதயசூரியன் கதிர் விரித்திருக்கும். ஆர்ட் டெக்கோ என்ற பெயரெல்லாம் அன்று யாருக்குத் தெரியும்!

1985 வாக்கில் கிராதி துருப்பிடித்து ஒரு குழந்தையின் கையைக் கிழித்துவிட்டது. சொசைட்டிக் கூட்டத்தில், எடுத்துவிடலாம் என்று முன்மொழிந்தவர் அப்பாதான். பழைய இரும்புக்காரர் கிலோ கணக்கில் நிறுத்து வாங்கினார். வண்டியில் ஏற்ற நானும் கைகொடுத்தேன். அதன் இடத்தில் நேராக நாலு பைப் வந்தது.

2018 ஜூன் 30 அன்று பம்பாய் ஓவல் மைதானத்தைச் சுற்றிய விக்டோரியன் கோதிக், ஆர்ட் டெக்கோ கட்டடங்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அரசாங்கம் தானாக முன்வந்து செய்ததல்ல அது. அங்கே குடியிருப்பவர்களின் சங்கங்கள் வருஷக்கணக்காக மைதானத்துக்காகப் போராடின, விண்ணப்பத்துக்கும் தோள் கொடுத்தன. அந்த எல்லைக்குள் மாதுங்கா இல்லை. இங்கே ரீடெவலப்மெண்ட் என்று தெருவுக்கு ஒன்றாக இடிகிறது. குடியிருப்பவர்கள் வேண்டும் என்று சொல்லாத கட்டடத்தை எந்தப் பட்டியலும் காப்பாற்றாது என்பதை நான் கண்ணால் பார்த்துவிட்டேன்.

போன வருஷம் எங்கள் சொசைட்டி, இடிப்பதில்லை, பழுது பார்ப்பது என்று முடிவெடுத்தது. கிராதியையும் பழையபடி செய்ய ஆசை. ஆனால் வரைபடம் கிடையாது. முதல் மாடி மாமிதான் வழி சொன்னார்: "அவாவா கல்யாண ஆல்பத்தை எடுத்துண்டு வாங்கோ. அந்தப் படியில நின்னு போட்டோ எடுத்துக்காத பொண்ணு உண்டோ?"

பதினோரு ஆல்பம் வந்தது. மாலையும் கழுத்துமாக நின்ற ஒவ்வொரு ஜோடிக்குப் பின்னாலும் கிராதி. வெல்டர் லென்ஸ் வைத்துக் கதிர்களை எண்ணினார்: ஏழு. படிக்கல் மாறவில்லை, அதன் உயரத்தை டேப்பில் அளந்து, போட்டோவோடு ஒப்பிட்டு மற்ற அளவுகளைக் கணக்கிட்டார்.

அப்பாவுக்கு இப்போது எண்பத்தெட்டு. தன் கல்யாணப் படத்தை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார்.

"கடைசிக் கதிர் கொஞ்சம் வளைஞ்சிருக்கும்டா. அவன் நேராப் பண்ணிடப் போறான், போய்ச் சொல்லு."