அங்கே காபி இன்னும் இலவசம்தானா?

ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது. கம்பெனியின் பெயரைச் சொன்னால் உங்கள் ஊர்ப் பெட்டிக்கடைக்காரருக்குக்கூடத் தெரியும். அடுத்த தீபாவளிக்கு அந்தப் பெயர் இருக்குமா என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. வாராவாரம் ‘மறுசீரமைப்பு’ என்று செய்தி வருகிறது. சம்பளமோ இப்போது வாங்குவதைவிடக் கணிசமாகக் கூடுதல். சேரலாமா, வேண்டாமா? அதற்குத்தான் இந்த வழிகாட்டி. இதன்படி நடந்து ஏதாவது ஆனால் நாங்கள் பொறுப்பல்ல. உங்கள் ஆஃபர் லெட்டரின் கடைசிப் பக்கத்திலும் பொடி எழுத்தில் அதைத்தான் போட்டிருக்கிறார்கள், எடுத்துப் பாருங்கள்.

முதலில், பங்கு விலையைப் பார்ப்பதை நிறுத்துங்கள். யாஹூ 2005இல் 100 கோடி டாலர் கொடுத்து சீனாவின் அலிபாபாவில் 40 சதவீதப் பங்கை வாங்கிப் போட்டது. பத்து வருஷம் கழித்து, கையில் மிச்சமிருந்த அந்தப் பங்கின் மதிப்பு மொத்த யாஹூவின் மதிப்பையே தாண்டிவிட்டது. கழித்துப் பார்த்தால், பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தினமும் ஆபீசுக்கு வந்து செய்த வேலைக்குச் சந்தை போட்ட விலை பூஜ்ஜியத்துக்கும் கீழே. அவர்கள் வீட்டிலேயே இருந்திருந்தால் கம்பெனிக்கு லாபம் என்கிறது கணக்கு. ஆனாலும் சம்பளம் வந்துகொண்டுதான் இருந்தது, கேன்டீனில் சாப்பாடு இலவசமாகவே இருந்தது. பெரிய கம்பெனிகள் அவ்வளவு சீக்கிரம் சாவதில்லை. உங்கள் கார் லோன் முடிகிற வரைக்கும் தாராளமாக இழுத்துக்கொண்டு கிடக்கும்.

பார்க்க வேண்டியது காபியை. இன்டெல் 2024 ஆகஸ்டில் சுமார் 15,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அந்தச் சிக்கன அலையில் ஆபீசில் இலவசக் காபியும் டீயும் நின்றன. நவம்பரில் இரண்டும் திரும்பி வந்தன. டிசம்பர் பிறந்ததும் தலைமை அதிகாரி பாட் கெல்சிங்கர் போய்விட்டார். அந்த ஆண்டின் நஷ்டம் 1,800 கோடி டாலருக்கும் மேல். அதில் காபித்தூள் பங்கு எவ்வளவு என்று எந்தக் கணக்குப்பிள்ளையாலும் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே காபி நின்றால் பதற வேண்டாம், யாரோ சிக்கனமாக இருப்பதாகக் காட்டிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். நின்ற காபி திரும்பி வந்தால்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். உங்களைச் சமாதானப்படுத்தியாக வேண்டிய நிலைக்கு மேலிடம் வந்துவிட்டது.

அடுத்து, தலைவர் நாற்காலியில் யார் யார் உட்கார்ந்து எழுந்தார்கள் என்று எண்ணுங்கள். இந்தக் கலையை யாஹூவில் பயில்வதே உத்தமம். 2007 ஜூனிலிருந்து 2012 ஜூலைக்குள், தற்காலிகமாக உட்கார்ந்தவர்களையும் சேர்த்து, ஆறு பேர். நிறுவனர்களில் ஒருவரான ஜெர்ரி யாங் முதலில் வந்தார். 2008இல் மைக்ரோசாஃப்ட் 4,460 கோடி டாலருக்கு யாஹூவைக் கேட்டது. அவர் தலைமையில் கம்பெனி அந்த விலை போதாது என்றது. அடுத்து வந்த கேரல் பார்ட்ஸை 2011இல் போனிலேயே வேலையை விட்டு நீக்கினார்கள். போனில் நீக்கப்பட்டேன் என்பதை ஒளிக்காமல் எல்லா ஊழியர்களுக்கும் அவரே மெயில் அனுப்பிவிட்டுப் போனார். யாஹூ வரலாற்றிலேயே நேர்மையான மெயில் அதுதான் என்பது என் கட்சி. பிறகு ஸ்காட் தாம்சன். 2012 ஜனவரியில் வந்தார், ஏப்ரலில் 2,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தார், மே மாதம் அவரே போனார். காரணம், அவருடைய பயோடேட்டாவில் கணக்கியலோடு கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டமும் இருந்தது; கல்லூரி கொடுத்ததோ கணக்கியல் பட்டம் மட்டும். உங்களிடம் எச்.ஆர். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டின் நகலில் சான்றொப்பம் கேட்கும்போது இந்தக் கதை நினைவுக்கு வந்தால் சிரித்துவிடாதீர்கள், பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் முடியட்டும்.

தலைவர் மாறுவதில் உங்களுக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். ஒவ்வொரு புதுத் தலைவரும் பழையவர் ஆரம்பித்ததை மூடுவார். நீங்கள் சேரப்போகிற ப்ராஜெக்டை ஆரம்பித்தவர் யார், அவர் இன்னும் அங்கே இருக்கிறாரா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நீங்கள் வேலைக்குச் சேரவில்லை, துஷ்டி கேட்கப் போகிறீர்கள்.

புதுத் தலைவர் வந்ததும் லோகோ மாறும். மரிஸா மேயர் யாஹூவுக்கு வந்த மறு ஆண்டு, 2013இல், முப்பது நாள் தினம் ஒரு லோகோ காட்டிவிட்டு கடைசியில் புதியதை வெளியிட்டார்கள். ஒரு சனி ஞாயிறு முழுக்க அவரே வடிவமைப்பாளர்களோடு உட்கார்ந்து அதைச் செய்ததாகவும், ஆச்சரியக்குறியை 9 டிகிரி சாய்த்ததாகவும் எழுதினார். அதே ஆண்டில்தான் திருடர்கள் உள்ளே புகுந்து பயனர் கணக்குகளை அள்ளினார்கள். எத்தனை கணக்குகள் என்று முதலில் சொன்னதைத் திருத்தி, 2017இல் எல்லாமே, 300 கோடியும், என்று ஒப்புக்கொண்டார்கள். அதற்குள் கம்பெனி வெரைசன் என்ற தொலைபேசி நிறுவனத்துக்குக் கைமாறிவிட்டது, 448 கோடி டாலருக்கு. மைக்ரோசாஃப்ட் கேட்ட விலையில் கிட்டத்தட்டப் பத்தில் ஒன்று. லோகோ மாறினால் வாசல் பூட்டு யார் பொறுப்பில் இருக்கிறது என்று கேளுங்கள்.

இனி முக்கியமான பாடம்: மேலிடத்து மெயில் படிக்கும் முறை. மேலிருந்து கீழாகப் படிப்பவர்கள் கல்லூரியிலிருந்து நேரே வந்தவர்கள். அனுபவஸ்தர்கள் முதலில் எண்களைத் தேடுவார்கள். நோக்கியாவுக்குத் தலைவராக வந்த ஸ்டீஃபன் எலாப் 2011 பிப்ரவரியில் ஊழியர்களுக்கு ஒரு கதை எழுதினார். வடகடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் தீப்பிடிக்கிறது. மேலே நின்றிருந்தவன் வெந்து சாவதைவிட மேல் என்று உறைகுளிர் நீரில் குதிக்கிறான். நாமும் குதித்தாக வேண்டும். மெயில் வெளியே கசிந்தது. கடைகளில் அப்போது விற்பனைக்கு இருந்த போன்களெல்லாம் அந்த எரியும் மேடையில் செய்தவை என்பதை வாடிக்கையாளர்களும் தெரிந்துகொண்டார்கள். சில நாளில் மைக்ரோசாஃப்டோடு கூட்டணி. 2013இல் போன் வியாபாரத்தையே மைக்ரோசாஃப்டுக்கு விற்பதாக அறிவிப்பு. 2014 ஜூலையில் அதே எலாப், மைக்ரோசாஃப்ட் அதிகாரியாக, ‘ஹலோ’ என்று உற்சாகமாக ஆரம்பித்து நீளமாக ஒரு மெயில் எழுதினார். உத்தி, வடிவமைப்பு, ஒருமுகப்படுத்துதல் என்று பத்தி பத்தியாகப் போய், அடியில் எங்கேயோ 12,500 பேர் வேலை போகிறது என்ற சேதி வருகிறது. நடுவில் காபி எடுக்க எழுந்து போனவர்களுக்கு அது தெரிந்திருக்காது.

ஆகவே இன்டர்வியூவுக்கு முன்பே அந்தக் கம்பெனியின் கசிந்த மெயில் ஒன்றைத் தேடிப் படியுங்கள். கெட்ட சேதி எத்தனையாவது பத்தியில் இருக்கிறது என்று பாருங்கள். இரண்டாவது பத்திக்குள் சொல்லியிருந்தால் ஓரளவு மரியாதையான இடம். நஷ்டத்தில் ஓடினாலும் சேரலாம் என்பேன்.

ஸ்ரீபெரும்புதூரை நினைத்தால் மட்டும் இந்த வழிகாட்டிக்குக் கிண்டல் வரவில்லை. 2006இல் உற்பத்தி ஆரம்பித்த நோக்கியா ஆலை, ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் முதல் வேலை, முதல் சம்பளம். மைக்ரோசாஃப்ட் போன் வியாபாரத்தை வாங்கியபோது, வரித் தகராறில் சிக்கிய இந்த ஆலை விற்பனையில் சேரவில்லை. பெரும்பாலானோர் விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள். 2014 நவம்பர் முதல் தேதி உற்பத்தி நின்றது. லைனில் நின்று போன் பூட்டியவர்கள் எந்த மெயிலை எந்த வரிசையில் படித்திருந்தாலும் ஆலை பேரத்தில் சேராது என்பது தெரிந்திருக்காது. கம்பெனி பிழைக்குமா என்பது ஒரு கேள்வி. நீங்கள் நிற்கிற கட்டடம் பேரத்தில் சேருமா என்பது வேறு கேள்வி. இரண்டாவதைக் கேளுங்கள்.

யாரிடம் கேட்பது? பெண் கொடுக்கும் முன் அக்கம்பக்கத்து வீடுகளில் விசாரிப்பதைப் போல, கம்பெனிக்கு வெளியே நிற்பவர்களிடம்தான். உதாரணமாக, ஊழியர்களுக்கு வண்டி விடுபவரிடம்.

“என்னண்ணே, நைட் ஷிஃப்ட் வண்டியெல்லாம் நல்லா ஓடுதா?”

“முன்ன நாப்பது வண்டி தம்பி. இப்ப பன்னண்டு. பில்லு ரெண்டு மாசமா நிக்குது. நீங்க உள்ள சேரப் போறீங்களா?”

எந்த ஆண்டறிக்கையும் இவ்வளவு சுருக்கமாக இருக்காது.

போனவர்கள் எங்கே போனார்கள் என்பதையும் பாருங்கள். பிரையன் ஆக்டனும் யான் கூமும் 2007இல் யாஹூவை விட்டு வெளியேறினார்கள். ஆக்டன் 2009இல் ஃபேஸ்புக்கில் வேலை கேட்டார், கிடைக்கவில்லை. இருவரும் சேர்ந்து செய்த வாட்ஸ்அப்பை அதே ஃபேஸ்புக் 2014இல் சுமார் 1,900 கோடி டாலருக்கு வாங்கியது. இன்றைக்கு ஆட்குறைப்புச் செய்தி எச்.ஆரிடமிருந்து வருவதற்கு முன்னால் வந்து சேர்வது அந்த வாட்ஸ்அப்பில்தான். போகாமல் இருந்தவர்களை முட்டாள்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு காலத்தில் பெங்களூரிலும் சென்னையிலும் பயிற்சி மையங்களின் போர்டுகளிலெல்லாம் இருந்த ஹடூப் என்ற பெருந்தரவு மென்பொருள், 2006 முதல் யாஹூவுக்குள் வளர்ந்ததுதான். தலைவர்கள் வந்து போய்க்கொண்டிருந்த அதே ஆபீசில் சிலர் உட்கார்ந்து உலகத்துக்கே பயன்படுகிற வேலையைச் செய்தார்கள். யாஹூவைத்தான் அதனால் காப்பாற்ற முடியவில்லை. தள்ளாடுகிற கம்பெனியில் இப்படி ஒரு மூலை அநேகமாக இருக்கும். மேலிடம் தன் கவலையில் இருப்பதால் அங்கே தொந்தரவும் குறைவு. அந்த மூலையில் இடம் தருகிறார்கள் என்றால் மற்ற எல்லாக் குறிகளையும் மறந்துவிட்டுச் சேருங்கள். இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை.

இன்டர்வியூவில் கடைசியாக “உங்களுக்கு ஏதாவது கேள்வி இருக்கிறதா?” என்பார்கள். கம்பெனியின் தொலைநோக்கு பற்றிக் கேட்காதீர்கள், அழுதுவிடப் போகிறார்கள். இந்த இடம் எப்படிக் காலியானது, இரண்டு வருஷத்தில் இந்த டீமுக்கு எத்தனை மேனேஜர்கள், போகச் சொன்னால் எத்தனை மாதச் சம்பளம் தருவீர்கள் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்வி மரியாதைக் குறைவு என்று தோன்றினால் ஒன்றை யோசியுங்கள்: நீங்கள் போவதாக இருந்தால் 90 நாள் நோட்டீஸ் என்று அவர்கள் கூச்சப்படாமல் எழுதியிருக்கிறார்கள். ஜாயினிங் போனஸை ஒரு வருஷத்துக்குள் போனால் திருப்பித் தர வேண்டுமா, அவர்களே அனுப்பினாலும் தர வேண்டுமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். வேரியபிள் பே என்று போட்டிருக்கும் தொகையை அழிரப்பரால் அழித்துவிட்டு மிச்சத்தைச் சம்பளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சேர்ந்துவிட்டீர்கள் என்றால், மாதாமாதம் சம்பளச் சீட்டைச் சொந்த மெயிலுக்கு அனுப்பி வையுங்கள்; அந்த நாள் வரும்போது முதலில் வேலை செய்யாமல் போவது உங்கள் லாகின்தான். பி.எஃப். கணக்கைப் பழைய இடத்திலிருந்து உடனே மாற்றுங்கள். வீட்டுக் கடன் மட்டும் வேண்டாம். குடும்பத்தில் ஒரு மாமா, “இவ்ளோ பெரிய கம்பெனிடா மாப்ளே, பேங்க்காரன் கண்ண மூடிட்டுத் தருவான்” என்பார். தருவான்தான். வங்கிகள் பேப்பர் படிக்க நேரமாகும். மாமாவிடம், புதுத் தலைவர் இன்னும் லோகோவை முடிவு செய்யவில்லை, அது முடியட்டும் என்று சொல்லிப் பாருங்கள்.