வகுக்கத் தெரியாத சில்லும் படிக்கத் தெரியாத கம்பெனியும்

ஈமெயில் பிறந்து ரொம்ப நாள் வரைக்கும் கம்பெனிகள் அதைக் கடிதமாகவே மதிக்கவில்லை. உறை இல்லை, தபால்தலை இல்லை, கையெழுத்து இல்லை. இதெல்லாம் ஒரு புகாரா?

1982-ல் அமெரிக்கத் தபால் துறை இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. திட்டத்தின் பெயர் ஈ-காம். கம்பெனிகள் தங்கள் கம்ப்யூட்டரிலிருந்து கடிதத்தைத் தட்டிவிடும். அது 25 தபால் நிலையங்களில் ஏதாவது ஒன்றில் போய் இறங்கி, காகிதத்தில் அச்சாகி, உறைக்குள் புகுந்து, தபால்காரர் பையில் ஏறி, இரண்டு நாளில் வீடு வந்து சேரும். மின்னலாகக் கிளம்பி நடராஜா சர்வீஸில் வந்து சேரும் அஞ்சல்! ஒரு தடவைக்குக் குறைந்தது 200 கடிதமாவது அனுப்ப வேண்டும் என்பது நிபந்தனை. அதாவது கம்பெனி ஊருக்கு எழுதலாம். ஊர் கம்பெனிக்கு எழுத முடியாது. நஷ்டத்திலேயே ஓடி, 1985-ல் கண்ணை மூடியது.

அடுத்து மென்பொருள் கம்பெனியான லோட்டஸ். கடன் விவரம் திரட்டும் ஈக்விஃபாக்ஸோடு கூட்டுச் சேர்ந்து, 12 கோடி அமெரிக்கர்களின் பெயர், விலாசம், உத்தேச வருமானம், வாங்கும் பழக்கம் எல்லாவற்றையும் ஒரு சிடியில் போட்டு விற்கப்போவதாக 1990-ல் அறிவித்தது. ஜனங்கள் கொதித்தார்கள். தலைவர் ஜிம் மன்ஸியின் ஈமெயில் முகவரியை யாரோ வலையில் போட்டுவிட, அர்ச்சனை நேராகக் கருவறைக்கே போனது. ‘என் பேரை எடு’ என்று கேட்டவர்கள் சுமார் 30,000 பேர். 1991 ஜனவரியில், சிடி கடைக்கு வருவதற்கு முன்பே திட்டத்துக்குப் பால் ஊற்றினார்கள். இதில் விசேஷம், ஈமெயிலையும் உள்ளடக்கிய லோட்டஸ் நோட்ஸை 1989 முதலே விற்றுக்கொண்டிருந்தது இதே கம்பெனிதான்.

ஈமெயிலில் கொதிக்கும் ஜனங்களை லேசாக நினைக்கக்கூடாது என்ற இந்தப் பாடத்தைச் சில்லு செய்யும் இன்டெல் படிக்கவில்லை. அதற்கென்று தனியாக ஒரு வாத்தியார் வரவேண்டியிருந்தது.

வர்ஜீனியாவில் லிஞ்ச்பர்க் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி. இரட்டைப் பகா எண்களின் தலைகீழிகளைக் கூட்டிக்கொண்டிருந்த சாது. 1994-ல் கூட்டல் உதைத்தது. தன் நிரல், கம்ப்யூட்டரின் மற்ற பாகங்கள் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டு மாதக்கணக்கில் துருவியவர், கடைசியில் இன்டெல்லின் பென்டியம் சில்லின் காலரைப் பிடித்தார். 41,95,835-ஐ 31,45,727-ஆல் வகுத்தால் 1.33382 வரவேண்டும். பென்டியம் 1.33374 என்றது, துளிக்கூட வெட்கமில்லாமல். வகுப்பதற்காகச் சில்லுக்குள் வைத்திருந்த அட்டவணையில் சில கட்டங்கள் விடுபட்டிருந்தன.

அக்டோபர் 24-ந் தேதி இன்டெல்லைத் தொடர்புகொண்டார். சோதித்துப் பார்த்தார்கள், அங்கேயும் தப்பாகவே வந்தது. ‘ஆனால் இதுவரை யாரும் இப்படிப் புகார் சொன்னதில்லையே’ என்றார்கள். சொன்னதில்லைதான். அந்தக் கோடையிலேயே இன்டெல் தானாகவே அதைக் கண்டுபிடித்து, வாயைத் திறக்காமல் அடுத்து வரும் சில்லுகளில் சரிசெய்யக் கிளம்பியிருந்தது.

அக்டோபர் 30 அன்று நைஸ்லி தெரிந்த சிலருக்கு ஒரு ஈமெயில் போட்டார். திட்டு இல்லை, மிரட்டல் இல்லை. ‘எனக்கு இப்படி வருகிறது, உங்களுக்கு எப்படி?’ என்ற தோரணை. அவர்கள் வேறு சிலருக்குத் தள்ளிவிட, அது கம்ப்யுசர்வ், யூஸ்நெட் என்ற கணினி விவாத மன்றங்களில் ஏறி இறங்கி, நவம்பர் 22-ல் சிஎன்என் வரை போய்விட்டது.

இன்டெல் கணக்குப் போட்டு ஆறுதல் சொன்னது: சாதாரண ஆசாமிக்கு இந்தத் தப்பு 27,000 வருடங்களுக்கு ஒருமுறைதான் வரும். கூரை ஒழுகுகிறது என்று போன குடித்தனக்காரரிடம், ‘வருஷத்தில் எத்தனை நாள் சார் மழை பெய்கிறது?’ என்று வீட்டுக்காரர் கேட்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. சில்லை மாற்றித் தருவார்களாம். ஆனால் நீங்கள் கனமான கணக்குப் போடும் ஆசாமி என்று அவர்களை நம்பவைக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கிய சாமானுக்கு நேர்முகத் தேர்வு!

நவம்பர் 27-ல் தலைவர் ஆண்டி குரோவே யூஸ்நெட்டில் இறங்கி விளக்கம் எழுதினார், இன்னொரு ஊழியரின் கணக்கிலிருந்து. அனுப்பியவர் இடத்தில் வேறு பெயர், உள்ளே ‘நான்தான் குரோவ்’. உலகத்துக்கே சில்லு விற்பவர் ஊராரோடு பேச இரவல் முகவரி. வருத்தம் தெரிவித்தார், ஆனால் எல்லாருக்கும் மாற்றித் தருகிறேன் என்று சொல்லவில்லை. கூட்டம் இன்னும் சூடாயிற்று.

டிசம்பர் 12-ல் ஐபிஎம் தன் பங்குக்குக் கணக்குப் போட்டது: 27,000 வருடமெல்லாம் இல்லை, 24 நாளுக்கு ஒருமுறை வரலாம். பென்டியம் போட்ட பெட்டிகளை அனுப்புவதையும் நிறுத்தியது. எட்டு நாளில் இன்டெல் இறங்கிவந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் புதுச் சில்லு, கேள்வி கிடையாது. திரும்பி வந்த சில்லுகளில் கொஞ்சத்தைச் சாவிக்கொத்தாக்கி ஊழியர்களுக்குக் கொடுத்தார்கள்.

கவனியுங்கள், இன்டெல்லுக்கு நேரில் போன புகாருக்குக் கிடைத்தது ‘யாரும் சொன்னதில்லையே’. ஊருக்குப் போன ஈமெயிலுக்குக் கிடைத்தது 47.5 கோடி டாலர். கம்பெனியின் கணக்கில் அந்தச் செலவு எழுதப்பட்டது. வாடிக்கையாளரின் ஈமெயிலைக் கம்பெனிகள் அதற்குப் பிறகு பயபக்தியோடு படிக்க ஆரம்பித்தன. பக்தியைவிடப் பயம்தான் அதிகம்: இதன் நகல் வேறு யார் யாருக்குப் போயிருக்கிறதோ?