வேட்டைக் கருவி விசாரம்

வேட்டைத் துப்பாக்கி ஒன்று வேண்டும் என்று தீர்மானித்துவிட்ட மனிதன், அதைத் தன் தோளுக்கும் கைக்கும் அளவெடுத்துப் புதிதாகச் செய்வித்துக்கொள்வதா, அல்லது பேர்போன பழைய துப்பாக்கி ஒன்றை விலை பேசி வாங்குவதா என்னும் வினா, மேல்நாடுகளில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பல நல்ல குடும்பங்களின் நிம்மதியைக் குலைத்து வந்திருக்கிறது. அவ்வினாவைத் தஞ்சை ஜில்லாவுக்குப் பொருத்தி ஆராய யாரும் முன்வராத குறையைத் தீர்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இங்கே காடும் இல்லை, மலையும் இல்லை, துப்பாக்கிக்கு ஏற்ற மிருகமும் இல்லை. ஆகையால் ஆராய விஷயமே இல்லை என்று சிலர் ஆக்ஷேபிக்கலாம். ஆராய்ச்சிக்கு விஷயம் இருந்தாக வேண்டும் என்று விதி ஏதும் கிடையாது. இருந்திருந்தால் சர்வகலாசாலைகளில் பல அறைகள் காலியாகியிருக்கும்.

இவ்விசாரத்துக்கு நிமித்தமானவர் குடமுருட்டிக் கரையில் வாழும் என் நண்பர் ஒருவர். நில உச்சவரம்புச் சட்டம் விட்டுவைத்த இரண்டு வேலி நிலமும், பாட்டனார் சாயலில் ஒரு மீசையும், துப்பாக்கி மாட்டுவதற்கென்றே கூடத்துச் சுவரில் அடித்த இரண்டு கொக்கிகளும் அவருடைய ஆஸ்தி. கொக்கிகள் இருக்கின்றன, துப்பாக்கி இல்லை. அது எந்தத் தலைமுறையில் எவ்விதம் மறைந்தது என்பது பற்றிக் குடும்பத்தில் மூன்று பாடபேதங்கள் வழங்குகின்றன. மூன்றிலும் ஓர் அடகுக்கடை வருகிறது.

முதலில் பூர்வபக்ஷம். செய்விக்கும் கட்சியார் கூறும் பிரமாணம் பெரும்பாலும் தேகசம்பந்தமானது. மனிதர் ஒருவருக்கொருவர் கை நீளத்திலும் கழுத்து உயரத்திலும் வேறுபடுவதால், ஒருவனுக்கு அளவெடுத்த கட்டை மற்றொருவன் தோளில் பொருந்தாது. ஆதலால் முழங்கை மடிப்பிலிருந்து சுட்டுவிரல் வரை அளந்து கட்டையின் நீளத்தை நிர்ணயிப்பதும், கன்னம் படியும் இடத்தைச் சீவிச் சீவிச் சரிசெய்வதும், அக்ரூட் மரத்தின் ரேகை ஓடும் திசை பார்த்துப் பலகை தேர்ந்தெடுப்பதும், கடைசியில் உடையவனின் முதலெழுத்தைப் பொறிப்பதும் இச்சம்பிரதாயத்தின் அங்கங்கள். லண்டனில் ரிக்பி, ஹாலண்டு முதலிய கம்பெனிகள் நம் சமஸ்தானாதிபதிகளுக்கு இப்படித்தான் துப்பாக்கி செய்தளித்து, தாமும் செழித்து, புலிகளின் தொகையையும் வெகுவாகக் குறைத்தன.

செய்விக்காமலும் வாங்காமலும் துப்பாக்கி அடையும் மூன்றாவது மார்க்கம் ஒன்றும் உண்டு. குமாவுன் மலைச்சாரலில் 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட சம்பாவத்துப் பெண்புலியை 1907-இல் சுட்டு வீழ்த்திய ஜிம் கார்பெட்டுக்கு, ஐக்கிய மாகாணங்களின் லெப்டினன்ட் கவர்னர் ஹூவெட் துரை, ரிக்பி கம்பெனியின் .275 துப்பாக்கியைப் பரிசாக அளித்தார். இம்மார்க்கத்தை நான் நண்பருக்கு எடுத்துரைத்தபோது அவர் சிறிது நேரம் யோசித்து, பாபநாசம் தாலுகாவில் இதற்கான சந்தர்ப்பம் குறைவு என்று ஒப்புக்கொண்டார்.

தஞ்சைத் தரணியில் ஆயுதம் செய்வித்துக்கொள்ளும் மரபே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. கீழவாசல் பீரங்கிமேட்டில் கிடக்கும் இராஜகோபால பீரங்கியே தக்க சான்று. இரகுநாத நாயக்கர் காலத்தது. நீளம் சுமார் 26 அடி, எடை ஏறக்குறைய 22 டன். வார்ப்படமாக வார்த்ததன்று, நீளவாட்டில் அடுக்கிய இரும்புப் பட்டைகளையும், அவற்றின்மேல் மாட்டிய வளையங்களையும் உலையில் காய்ச்சி அடித்தே ஒன்றாக்கியிருக்கிறார்கள். நம் கொல்லர்களின் கைத்திறத்துக்கு இதைவிடப் பெரிய அத்தாட்சி வேண்டியதில்லை. ஆயினும், ஒரே ஒரு முறைதான் அது வெடித்தது என்று ஊரில் சொல்லக் கேட்கும்போதும், அதைக் கொண்டுபோக முடியாத காரணத்தால் யாரும் கொண்டுபோகவில்லை என்பதைப் பார்க்கும்போதும், சொந்த அளவுக்குச் செய்விக்கப் புகுந்தவர்கள் எங்கே நிறுத்துவது என்று அறியாமல் போய்விடும் ஆபத்து விளங்கும். எளிதில் தூக்கக்கூடியனவாக இருந்த மராட்டியர் ஆயுதங்களில் பலவும் அரண்மனையை விட்டுச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் போய்ச் சேர்ந்துவிட்டன.

பழையதை வாங்கும் கட்சிக்கு வருவோம். இவர்களுடைய வேதவாக்கு, பழையது பழையதுதான் என்பது. அமெரிக்க தேசத்து வின்செஸ்டர் கம்பெனி 1936-இல் வெளியிட்ட மாடல் 70 என்னும் துப்பாக்கியைச் செய்யும் முறையை, செலவைக் குறைக்கக் கருதி 1964-இல் மாற்றியது. அன்று முதல், 1964-க்கு முந்தியதா பிந்தியதா என்று கேட்காமல் எந்த ரசிகனும் அதைக் கையால் தொடுவதில்லை. மேட்டூர் அணை கட்டுவதற்கு முன்னால் விளைந்த சம்பா அரிசியின் ருசியே அலாதி என்று, அணைக்குப் பின்னால் பிறந்தவர்கள் நம் திண்ணைகளில் அடித்துச் சொல்வதைக் கேட்டவர்களுக்கு இம்மனோபாவம் புதிதாகத் தோன்றாது. இதில் ஒரு சூட்சுமமும் உண்டு. புதிதாகச் செய்விக்கும் மேல்நாட்டாரிலேயே பலர், தோட்டாவைத் தள்ளிப் பூட்டும் பொறியை மட்டும் பழைய மாசர் துப்பாக்கியிலிருந்தோ 1964-க்கு முந்திய வின்செஸ்டரிலிருந்தோ கழற்றி எடுத்துக்கொண்டு, அதைச் சுற்றித்தான் புதுக் குழலும் புதுக் கட்டையும் அமைக்கிறார்கள். அவ்வளவு வாதமும் புரிந்துவிட்டு, இரு கட்சியாரும் முடிவில் ஒரே பழைய இரும்பைத்தான் தேடி அலைகிறார்கள்.

நம் தேசத்தில் இவ்வாதத்தைச் சட்டம் வேறு விதமாகத் தீர்த்துவைத்திருக்கிறது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் இன்றி எவரும் துப்பாக்கி செய்யலாகாது. எனவே நம்மூர்க் கொல்லுப்பட்டறையில் போய் அளவு கொடுப்பது, அளவு கொடுத்தவருக்கும் எடுத்தவருக்கும் ஒருங்கே சிறைவாசம் தரும். வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் வழியும் எண்பதுகளின் நடுவிலேயே சாமானியனுக்கு அடைபட்டுவிட்டது. ஆகவே முன்னமே இங்கு வந்து சேர்ந்த சீமைத் துப்பாக்கிகளுக்கு, சொன்னதே விலை. மரை வெட்டிய குழல் வேண்டுவோருக்குப் பெரும்பாலும் எஞ்சியது இச்சாப்பூர்ச் சர்க்கார் தொழிற்சாலையின் .315. 2019-இல் வந்த திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டுக்குமேல் வைத்துக்கொள்ளவும் முடியாது. பயிர்க் காவலுக்கு என்று கேட்பவனைச் சட்டம் சற்றுப் பரிவோடு நடத்துகிறது என்பது மெய்தான். ஆனால் அவனுக்கென்று அது குறிப்பிடும் ஆயுதம், வாய்வழியே மருந்து கெட்டிக்கும் பழங்காலத்துத் துப்பாக்கி.

சட்டம் ஒருபுறம் இருக்க, பூகோளம் என்று ஒன்று இருக்கிறது. ரைபிள் குண்டு ஒரு மைலைத் தாண்டியும் உயிர் வாங்கும். மலைநாட்டில் தவறிய குண்டைச் சரிவு தாங்கிக்கொள்ளும். காவிரிப் படுகையிலோ தாங்குவதற்கு முழ உயர வரப்பைத் தவிர வேறு மேடு இல்லை. ஒரு மைல் தூரத்துக்குள் நடவுப் பெண்டுகள், மடைபார்க்க வந்தவர்கள், வாத்து மேய்ப்பவர்கள், ஒரு டவுன் பஸ், இரண்டு கோயில் கோபுரம் ஆகியவை கட்டாயம் இருக்கும். இனிச் சுடத்தக்க பிராணி எது என்று பார்த்தால், மழைக்காலத்து உள்ளான் குருவி ரைபிள் குண்டு பட்டால் இறகுகூட மிஞ்சாத அளவு சிறியது. கோடியக்கரையில் வெளிமான்கள் உண்டு. அவ்விடம் 1967 முதல் சரணாலயம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்து, தொல்லைப் பிராணிகள் என்று ஐந்தாம் அட்டவணையில் முடிவாக விட்டுவைத்தவை சிலவே: காகம், பழந்தின்னி வௌவால், சுண்டெலி, எலி. 2022-இல் செய்த திருத்தத்தில் அந்த அட்டவணையும் போய்விட்டது. எலி போகவில்லை.

இங்கேதான் விசாரம் தன் மெய்யான பொருளை வந்தடைகிறது. டெல்டாவில் மனிதன் வருஷந்தோறும் தவறாமல் நடத்தும் வேட்டை எலிவேட்டை ஒன்றே. வரப்பைக் குடைந்து வளைபோட்டு, பயிர் பொதிகட்டும் சமயம் பார்த்துத் தண்டைக் கடித்துச் சாய்த்து, விளைந்த கதிர்களைக் கொத்துக்கொத்தாக வளைக்குள் சேமித்துவைக்கும் அப்பிராணி, மூன்று வாரம் சுமந்து ஒரே ஈற்றில் ஒரு குடும்பத்தையே பெற்றுப்போடுகிறது. அதற்கு எதிராக நம் முன்னோர் கண்ட ஆயுதம் கிட்டி. பிளந்த மூங்கிலை வில்லாக வளைத்து, நாண் பூட்டி, இரை வைக்கும் தட்டும், தொட்டால் விடுபடும் சிறு குச்சியுமாக அமைத்த பொறி அது. எலி இரையில் வாய் வைத்த மாத்திரத்தில் வில் நிமிர, நாண் கழுத்தை இறுக்கிவிடும். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் தம் பரிந்துரைகளில் இதைத் தஞ்சாவூர்க் கிட்டி என்று ஊர்ப்பெயர் சூட்டியே வழங்கி, ஹெக்டேருக்கு நூறு வைக்கச் சொல்லுகிறார்கள். லண்டனுக்கு ரிக்பி எப்படியோ, அப்படியே தஞ்சைக்குக் கிட்டி. இதற்கு உரிமம் வேண்டாம்; தேர்தல் சமயத்தில் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கவும் வேண்டாம்.

நண்பரின் வயலுக்குக் கிட்டி வைக்க வரும் பெரியவர், பொழுது சாயும் நேரத்தில் சாக்குப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு வருவார். வரப்போரம் குனிந்து எலித்தடம் பார்த்து ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு போய், விடிவதற்குள் எடுப்பார். கூலி எலிக் கணக்கு. நூல்களில் கிடைக்காத தீர்ப்பை அவரிடம் பெறலாம் என்று எண்ணி, கிட்டியைத் தாமே செய்வதா அல்லது விலைக்கு வாங்குவதா என்று கேட்டேன்.

“இது எந்தக் கடையிலங்க விக்குது? மூங்கில் கெடைச்சா நாமளே கட்டிக்க வேண்டியதுதான். பச்ச மூங்கில்னா விசை நிக்காது, ரொம்பக் காஞ்சதுன்னா ஒடிஞ்சு போயிடும். பதம் பாக்கணும்.”

“அப்படியானால் புதியதுதான் சிறந்தது என்று எழுதிக்கொள்ளலாமா?”

“புதுசை வச்சா எலி கிட்டவே வராதுங்க. சேத்துல போட்டு ரெண்டு நாள் பொரட்டி, பழசாக்கித்தான் வைக்கணும்.”

எலியானது தன் தடத்தில் புதிதாகத் தோன்றும் எதையும் சந்தேகிக்கும் இயல்புடையது என்பதைப் பிராணிநூலாரும் ஒப்புக்கொள்கிறார்கள். புதிதாகச் செய்வித்துப் பழையதாக்குதல் என்னும் இந்தச் சித்தாந்தம், மாசர் பொறியைக் கழற்றிப் புதுக்கட்டையில் பொருத்தும் மேல்நாட்டார் இத்தனை பொருட்செலவில் கண்டதற்கு ஒரு படி மேலானது என்பதே என் அபிப்பிராயம்.

அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்த நண்பருக்கு அந்தக் கணமே ஆசை பிறந்துவிட்டது. தமக்கென்று ஒரு கிட்டி வேண்டும்; சாதாரணக் கிட்டியாக இருக்கக் கூடாது; தம் கைக்கு அளவெடுத்து, கொஞ்சம் பெரியதாக, பித்தளைப் பூண் போட்டு, பெயரின் முதலெழுத்தும் செதுக்கிக் கொடுக்க வேண்டும் என்று கையை முழங்கை வரை நீட்டிக் காட்டினார். பெரியவர் அந்தக் கையை மரியாதையோடு ஒரு முறை பார்த்தார்.

“உங்க கை அளவு எதுக்குங்க, ஐயா? எலிக் கழுத்து அளவு எனக்குத் தெரியும்.”

பித்தளைப் பூண் விஷயம் அத்தோடு நின்றது. மறுநாள் விடியலில் எண்ணியபோது வேறொரு பிரச்சினை எழுந்தது. நாலைந்து கிட்டிகளில் வில் நிமிர்ந்திருக்க, நாணில் ரோமமும் ரத்தமும் இருக்க, எலியை மட்டும் காணோம். இரவில் பூனை தூக்கிப்போயிருக்க வேண்டும். கண்ணால் காணாத எலிக்குக் கூலி இல்லை என்பது மிராசுதார் கட்சி. செத்தது எலி, கொன்றது கிட்டி, தின்றது யாராயிருந்தால் என்ன என்பது பெரியவர் கட்சி. நான் பெரியவர் பக்கம் என்று அபிப்பிராயம் சொன்ன நாள் முதல் நண்பர் வீட்டில் எனக்குக் காபி சற்று நீர்த்தே வருகிறது.